மார்ச் மாதத்துக்கு எந்த நாவல்?

கணக்குப் பிரிவிலும் தணிக்கை அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் மாதம் என்றால் மூன்று தேதிகள்தான். 15ஆம் தேதி, முன்கூட்டிச் செலுத்தும் வருமான வரியின் கடைசித் தவணை. 20ஆம் தேதி, முந்தைய மாதத்து ஜிஎஸ்டி படிவம். 31ஆம் தேதி, ஆண்டுக் கணக்கு முடிப்பு. பிளஸ் டூ பொதுத்தேர்வும் இதே மாதத்தில்தான் வந்து தொலைக்கிறது. அந்த வயதில் வீட்டில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால் தொலைக்காட்சிப் பெட்டி துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்து, ஆறிப்போன குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுக் கை கழுவியவருக்குச் சத்தம் போடாத பொழுதுபோக்கு ஒன்றுதான் மிச்சம்: கதைப்புத்தகம்.

எந்தக் கதை என்பதுதான் கேள்வி. "நல்ல நாவலாகப் பார்த்துப் படியுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. மே மாத விடுமுறையில் நல்ல நாவலாக இருப்பது மார்ச் மாதத்து இரவில் நல்ல நாவலாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் பார்ப்பது மூன்று. பதினொரு மணிக்குப் புத்தகம் என்னைத் தூங்கப் போக விடுகிறதா? பகல் முழுக்க உழைத்துச் சலித்த மூளையிடமே மறுபடியும் வேலை வாங்குகிறதா? என் சொந்தக் கவலையையே வேறு பெயரில் கொண்டுவந்து முன்னால் வைக்கிறதா? இந்த மூன்றில் முதலாவதற்கே அதிக மதிப்பெண். இலக்கியத் தரத்துக்கு இந்த ஒரு மாதம் மட்டும் மதிப்பெண் கிடையாது, கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லோருடைய கையும் முதலில் போவது துப்பறியும் நாவலுக்குத்தான். பஸ் நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் பாக்கெட் நாவலை எடுத்துக்கொள்வோம். ராஜேஷ்குமார் இதுவரை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதியிருக்கிறார். ஆகவே படித்ததையே மறுபடி வாங்கிவிடுவோமோ என்கிற பயத்தைத் தவிர வேறு தட்டுப்பாடு எதுவும் இல்லை. பெரும்பாலும் இரண்டு தடங்களில் கதை ஓடும். கோயம்புத்தூரில் ஒரு பெண் காணாமல் போவாள். வேறெங்கோ ஒரு தொழிலதிபருக்கு மர்மமான தொலைபேசி வரும். ஒன்று மாற்றி ஒன்றாகப் போய்க் கடைசிப் பக்கங்களில் இரண்டும் முட்டிக்கொள்ளும். இதில் ஒரு பெரிய நன்மை, கதை அன்றைக்கே முடிந்துவிடுகிறது. மறுநாளைக்கு மனத்தில் பாக்கி வைப்பதில்லை. ஆனால், நடுவில் மூடி வைக்க முடியாது என்பது இதன் பிறவிக்குணம். பத்தரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டரை ஆகும். மறுநாள் காலை நம் பதிவையும் வங்கியின் பதிவையும் ஒப்பிட்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட வேண்டியவருக்கு அந்த இரண்டு மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. சனிக்கிழமை இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சரி. வாரநாளில் வேண்டாம்.

கணக்குக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதை வேறு தொழிலில் இருப்பவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. இருப்புச் சோதனையில், அதாவது பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியலில், 270 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவப்பட்டவர் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகம் விழும். 4,850 என்பது எங்கோ 4,580 என்று பதிவாகியிருக்கும். பிறகு பேரேடு பேரேடாக அந்த 4,580ஐத் தேடுவது. யார் பதிவு செய்தார், எந்தத் தேதி, அன்று வேறு என்னென்ன பதிவானது. கடைசி வரை பிடிபடாததை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, ராத்திரி படுத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருப்பது. பகல் பூராவும் இதைச் செய்த ஆளிடம், பூட்டிய அறைக்குள் கத்தி எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்வது ஓய்வு ஆகாது. சம்பளம் இல்லாத இரவுப்பணி. தடயத்தைக் கோத்துக் கோத்து முன்னேறும் புதிர்க்கதைகளை நான் இதனால்தான் மார்ச் மாதத்தில் தள்ளி வைக்கிறேன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கோ, வார்டில் நாள் முழுக்க நிற்கும் செவிலியருக்கோ அதே கதை அருமையான மாற்றாக இருக்கலாம்.

எதிலிருந்து தப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எங்கே ஓடுவது என்பது முடிவாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1943 முதல் 1947 வரை, அமெரிக்கா தன் படைவீரர்களுக்கென்று சட்டைப்பையில் அடங்கும் அளவில் 12 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. குதிரையும் துப்பாக்கியுமான சாகசக் கதைகள் அதில் ஏராளம். ஆனால், வீரர்கள் உருகி உருகிப் படித்தவற்றில் ஒன்று புரூக்ளினில் வளரும் ஓர் ஏழைச் சிறுமியின் குடும்பக் கதை. துப்பாக்கியைக் கையிலேயே வைத்திருந்தவர்களுக்கு வீட்டுச் சமையலறைதான் தப்பிக்கும் இடமாக இருந்திருக்கிறது.

சுஜாதாவின் கணேஷ்–வஸந்த் கதைகளை இந்தப் புதிர்க்கதைக் கணக்கில் முழுக்கச் சேர்க்க மனம் வரவில்லை. கொலைகாரன் யார் என்பது நினைவிருந்தாலும் வஸந்தின் வாயாடித்தனத்துக்காகவே திரும்பப் படிக்கலாம். ஏற்கெனவே படித்ததை எடுத்தால் இந்த மாதத்துக்கு ஏற்ற துணை. படிக்காததை எடுத்தால், குறிப்பாகக் குமுதத்தில் தொடராக வந்த கொலையுதிர் காலம் போன்ற ஒன்றை எடுத்தால், பேயா விஞ்ஞானமா என்று தெரியாமல் விளக்கை அணைக்க மாட்டீர்கள்.

தொடர்கதை என்றதும் நம் ஊரில் எல்லோரும் தூக்கிக் கொடுப்பது பொன்னியின் செல்வன். 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி, 1954 மே மாதம் வரை ஓடிய கதை. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஓரிரு அத்தியாயம் என்று அன்றைக்குப் படித்தவர்களுக்கு, ஒரு கட்டுப்பாட்டை இதழே போட்டுக் கொடுத்தது. வந்தியத்தேவன் எவ்வளவு பெரிய ஆபத்தில் மாட்டிக்கொண்டாலும், "தொடரும்" என்று போட்டாகிவிட்டால் அடுத்த இதழ் வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த ஏழு நாளும் வாசகர் மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கியை மாட்டி வைத்தார். கதை புத்தகமானபோது கொக்கி அப்படியே தங்கிவிட்டது. காத்திருப்பு மட்டும் கழன்றுவிட்டது. ஒரு வாரத்தைத் தாங்குவதற்காகச் செய்த கொக்கிகள், ஒரே இரவில் இருபது வந்து இழுக்கின்றன. முதல்முறை படிப்பவர்கள் விடியும்வரை விழித்திருந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் சூட்சுமம் இதுதான்.

ஆகவே பொன்னியின் செல்வனை முதல்முறையாகப் படிப்பதற்கு மார்ச் மாதத்தைப் போல மோசமான மாதம் இல்லை. பழுவேட்டரையர்கள் இருவரில் பெரியவர் எவர், சின்னவர் எவர், சுந்தர சோழருக்குக் கண்டராதித்தர் என்ன உறவு என்று வேறு நினைவில் வைக்க வேண்டும். ஆனால், ஏற்கெனவே ஓரிரு தடவை படித்தவர் மறுபடி எடுப்பது முற்றிலும் வேறு காரியம். இங்கே கொக்கி வேலை செய்யாது. முடிவு தெரியும், நந்தினியின் கதை தெரியும், யார் எங்கே ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். எஞ்சுவது இடங்கள். முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோடு வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களில் புதுத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்துகொண்டிருக்கிறது. கரையில் ஊர் ஜனங்கள் உட்கார்ந்து கமுகு மட்டையில் சித்திரான்னம் போட்டுச் சாப்பிடுகிறார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இரண்டு ஓலைகளைத் தவிர அவனுக்கு வேறு பொறுப்பு இல்லை. ஒருவனுக்கு ஒரு வேலை. அதற்கும் கடைசித் தேதி குறிப்பிடவில்லை. மார்ச் மாதத்துக் கணக்கருக்கு இதைவிடப் பொறாமை தரும் மனிதன் இருக்க முடியாது.

இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். முதல் பாகமான புது வெள்ளத்தில் 57 அத்தியாயங்கள். மார்ச் 1ஆம் தேதி தொடங்கினால் 29ஆம் தேதி முடிந்துவிடும். 30, 31 தேதிகளில் எப்படியும் ஒருவரும் எதையும் படிக்கப் போவதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனாலும் என்னுடைய முதல் பரிசு கல்கிக்கு இல்லை, நகைச்சுவை எழுத்தாளர் தேவனுக்கு. 1940களில் ஆனந்த விகடனில் வந்த துப்பறியும் சாம்பு. தலைப்பில் துப்பறிதல் இருந்தாலும் நம் மூளையிடம் ஒரு வேலையும் கேட்காத புத்தகம் இது. சாம்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். மூக்கு பெரிது, மூளை பற்றி அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எங்கேயோ தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் ஒளிந்திருப்பான். ஏதோ உளறுவார், அந்த உளறலைக் கேட்டுக் குற்றவாளி தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பயந்து உண்மையைக் கக்கிவிடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். மனைவி வேம்புவுக்குப் பெருமை தாங்காது. தனக்கு என்ன நடந்தது என்று சாம்புவுக்கு மட்டும் கடைசிவரை சரியாகத் தெரியாது.

கணக்குக்காரருக்கு இது கொடுக்கும் ஆறுதல் தனி வகை. பகல் முழுவதும் நாம் வாழ்வது ஒரு பிழை நடந்தால் அது எங்கேனும் இடித்தே தீரும் உலகத்தில். சாம்புவின் உலகத்தில் பிழை செய்தால் மாலை போடுகிறார்கள். ஒவ்வொரு கதையும் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அடுத்ததைப் படித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. ஒன்று படித்துச் சிரித்துவிட்டு விளக்கை அணைக்கலாம். நடுவில் தூக்கம் வந்து மூடினால்கூட இழப்பு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே அச்சில் வார்த்த கதைகள் என்பதால் ஒரே இரவில் நான்கைந்து படித்தால் சலிக்கும். அந்தக் காலத்துச் சென்னையின் பிராமண வீட்டுப் பேச்சும், குமாஸ்தாக்களும், ரயில் பயணங்களும் சிலருக்கு இனிக்கும். வேறு சிலருக்கு நாலாவது கதையிலேயே அந்நியமாக இருக்கும். இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவர்கள் தயங்காமல் வேறு நகைச்சுவைக்குப் போகலாம். சின்னச் சின்னதாக முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பழைய வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்துப் பைண்டு செய்த தொடர்கதை யாராவது உறவினர் வீட்டுப் பரணில் இருந்தால் அதைவிட மேல். கதைக்கு நடுவே எப்போதோ மூடிவிட்ட கம்பெனியின் தலைவலித் தைல விளம்பரம் வரும். பக்கத்தின் பின்புறத்தில் வேறு கதையின் பாதி வரும், முன்னும் பின்னும் இல்லாமல். சில இரவுகளில் அந்தப் பாதிக் கதை போதும்.

குடும்ப நாவல்களைப் பற்றி நம் இலக்கியக் கூட்டங்களில் முகம் சுளித்துத்தான் பேசுவார்கள். ரமணிசந்திரனின் நாவலில் நாயகனும் நாயகியும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். கடைசியில் சரியாகப் புரிந்துகொள்வார்கள். இது முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் குறை என்கிறார்கள். வங்கி கடனை நீட்டிக்குமா, முதலாளி கையெழுத்துப் போட வருவாரா, பிள்ளைக்குக் கட்-ஆஃப் எட்டுமா என்று எதுவுமே உறுதியில்லாத ஒரு மாதத்தில், முடிவு உத்தரவாதமாக உள்ள கதையைப் படிப்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, சிறுகதை? அளவில் கச்சிதம் என்பதால் பலரும் பரிந்துரைப்பது. அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகள் பலவும் முடிந்த பிறகுதான் நமக்குள் தொடங்குகின்றன; ஆறு பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். அசோகமித்திரன் எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர். ஆனால், மார்ச் மாதத்தில் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அவருடைய மனிதர்கள் நம் அலுவலகத்தில் நம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள். சம்பளம் போதாதவர்கள்; மேலதிகாரி முன்னால் வார்த்தை வராதவர்கள். தண்ணீர் நாவலில் ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு அலைவதைப் படித்து முடித்து நிமிரும்போது நம் தெருவில் லாரித் தண்ணீர் வந்துவிட்டுப் போயிருக்கும். அந்த எழுத்தின் வெற்றியே அதுதான். இந்த மாதத்துக்கு அதுவே இடைஞ்சல். ரஷ்ய மொழிபெயர்ப்புகளை இன்னும் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். களைத்த கண்ணுக்கு மூன்றும் மூன்று ஆட்கள்.

கி. ராஜநாராயணன் இந்தப் பட்டியலில் எங்கே வருவார் என்று நிறைய யோசித்தேன். 1976இல் வந்த கோபல்ல கிராமத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே ஒரு கொலை இருக்கிறது. ஆனாலும், கொலைகாரன் யார் என்று நாம் தேடவேண்டியதில்லை. நம் கண் முன்னாலேயே நடந்து, ஆளும் அங்கேயே பிடிபட்டுவிடுகிறான். பிறகு அந்தக் கதை கொஞ்சம் ஒதுங்கி நிற்க, பாட்டி மங்கத்தாயாரம்மாள் தன் முன்னோர்கள் தெலுங்கு தேசத்திலிருந்து கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறாள். ஒரு கதைக்குள்ளிருந்து இன்னொரு கதை, அதற்குள் ஒரு சிரிப்பு, ஒரு பட்டப்பெயர் வந்த காரணம், ஒரு பயிரின் குணம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் அந்தப் பக்கம் நிறைவாக இருக்கிறது. மறுநாள் எங்கே விட்டோம் என்று தெரியாமல் நாலு பக்கம் முன்னால் தொடங்கினாலும் அலுப்பில்லை. நிறுத்த விடுகிற குணத்தில் சாம்புவுக்குச் சற்றும் இளைத்ததில்லை. சிரிப்பு வராத மனநிலையில் இருப்பவர்களுக்கு இதுவே முதல் பரிசு என்று சொல்லிவிடுவேன். வட்டார வழக்கு பழக்கமில்லாதவருக்கு முதல் இருபது பக்கம் கொஞ்சம் தட்டும். பிறகு காது பழகிவிடும்.

எதில் படிப்பது என்பதும் முடிவைச் சற்று மாற்றுகிறது. கைப்பேசியில் படித்தால் இலவசம், இருட்டிலும் படிக்கலாம், பிள்ளை தூங்கும் அறையில் விளக்குப் போட வேண்டியதில்லை. ஆனால், பொன்னியின் செல்வனில் குந்தவை பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு பட்டை இறங்கி, "சார், அந்த ஏப்ரல் மாத பில் ஒன்று விட்டுப்போய்விட்டது" என்று வாடிக்கையாளரின் செய்தி வரும். வந்த பிறகு குந்தவை என்ன பேசினாலும் ஏறாது. கைப்பேசியில்தான் படிக்க முடியும் என்றால் புத்தகத்தைத் தரவிறக்கிக்கொண்டு இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். ஒலிப்புத்தகம், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிபவர்களுக்கு உண்மையிலேயே வரம். ஒரே ஒரு எச்சரிக்கை: பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து, காதில் யாரோ இதமாகக் கதை படித்தால், இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். காகிதப் புத்தகத்தில் எடையைப் பாருங்கள். படுத்துக்கொண்டு படிப்பவர் ஐந்து பாகமும் ஒன்றாகத் தைத்த கெட்டி அட்டைப் பதிப்பை எடுத்தால், தூக்கம் வரும் நேரத்தில் அது மூக்கில் விழும். கிளை நூலகத்தில் தனித்தனிப் பாகமாகக் கிடைத்தால் அதுவே உத்தமம். இரவல் எடுத்த புத்தகத்துக்கும் ஒரு திருப்பிக் கொடுக்கும் தேதி உண்டு என்பதுதான் உறுத்தல். இந்த மாதத்தில் இன்னொரு தேதியைத் தாங்க முடியாதவர்கள் சொந்தப் புத்தகத்தோடு இருக்கட்டும்.

ஆகவே நான் தேர்ந்துகொள்வது இப்படி: வாரநாள் இரவுகளுக்குச் சாம்பு, அவரில் சலிப்பு தட்டினால் கோபல்ல கிராமம். சனிக்கிழமை இரவுக்கு ஒரு பாக்கெட் நாவல், அதுவும் ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று உறுதியானால் மட்டும். காலையில் பஸ்ஸில் கேட்பதற்குப் பொன்னியின் செல்வன், ஏற்கெனவே படித்தவராக இருந்தால். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இடைவேளையில் எதையாவது புரட்டட்டும் என்று நினைப்பவர்கள் சாம்புவையே கொடுக்கலாம். கல்கியை மட்டும் தேர்வு முடியும்வரை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

மற்றதெல்லாம் ஏப்ரலுக்கு. தி. ஜானகிராமனின் மோகமுள் இரண்டு வாரமாவது ஆளை விடாது. பாபுவோடு சேர்ந்து கும்பகோணத்துத் தெருக்களில் நடந்துகொண்டே இருப்பீர்கள். அலுவலகத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதற்கு ஏப்ரலின் முதல் பாதிதான் தோது. மார்ச் மாதத்தில் பிடித்த டிடிஎஸ் தொகையை, அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரியை, கட்ட ஏப்ரல் 30ஆம் தேதிவரை அவகாசம் இருக்கிறது.